ஏழு மாதக் குழந்தையும் ஏழு வயசுப் பையனும்

(ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறியவர்களைத் தேடும் முறை பற்றி ஒரு சிறு பாடம்)



"நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் எத்தனையோ பேர் மூலம் பார்ப்பதையே ஒரு வேலையாக வைத்திருக்கிறார்கள். "என் கொள்ளுத்தாத்தா ஸ்காட்லாந்தில் எந்த ஊர்? எந்தக் கப்பலில் வந்தார்? கூட யார் யார் வந்தார்கள்?" என்று பழைய கப்பல் பட்டியல்களைப் புரட்டுகிறார்கள்.

இது உனக்கு எப்படியப்பா தெரியும் என்று கேட்பீர்கள். நான் ப்ளஸ் டூ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டு டிப்ளமோவில் சேர்ந்தவன். ரிசல்ட்டுக்கும் அட்மிஷனுக்கும் இடையில் கிடைத்த லீவில் ஒரு டேட்டா என்ட்ரி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஸ்கேன் செய்த பழைய பட்டியல்கள் வெளிநாட்டிலிருந்து வரும். அதைப் பார்த்துப் பெயர், வயது, தொழில், ஊர் என்று கட்டம் கட்டமாக டைப் அடிக்க வேண்டும். வரிக்கு இத்தனை பைசா என்று கூலி. ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்போம். எங்கே இரண்டும் ஒத்துப் போகவில்லையோ, அதை மட்டும் சூப்பர்வைசர் அக்கா எடுத்துப் பார்ப்பார்.

முதல் நாளே மானம் போச்சு! பழைய குமாஸ்தாக்கள், மேல் வரியில் உள்ளதே இங்கேயும் என்பதற்கு 'டோ' என்று இரண்டெழுத்து போடுவார்கள். 'டிட்டோ' என்பதன் சுருக்கம். நான் அதை ஏதோ ஊர்ப் பெயர் என்று நினைத்து, நாற்பது பேரை 'டோ' என்ற ஊரில் குடிவைத்துவிட்டேன். அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் பிறகு நடந்த இன்னொரு தப்பு சிரிக்கிற மாதிரி இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பாடம்.

யார் போனார்கள்? ஏன் போனார்கள்?

ஸ்காட்லாந்தின் வடக்கும் மேற்கும் மலையும் தீவுமாக இருக்கும். அங்கே பெரும்பாலான சனங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது, குத்தகைதான். பேச்சு கேலிக் மொழி. 1773 ஜூலையில் 'ஹெக்டர்' என்ற கப்பல் லாக் புரூம் என்ற இடத்திலிருந்து சுமார் 190 பேருடன் புறப்பட்டு, செப்டம்பர் 15 அன்று கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் உள்ள பிக்டூவுக்குப் போய்ச் சேர்ந்தது. வழியிலேயே அம்மையிலும் வயிற்றுப்போக்கிலும் 18 குழந்தைகள் இறந்துபோனார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அதே ஆண்டு இறுதியில் அரசாங்கம் விழித்துக்கொண்டது. இத்தனை பேர் ஏன் போகிறார்கள் என்று கேட்டு எழுதும்படி சுங்க அதிகாரிகளுக்கு உத்தரவு போட்டது. வட கரோலினாவுக்குக் கிளம்பிய 'பாச்சலர்' என்ற கப்பல் புயலில் அடிபட்டு ஷெட்லாந்து தீவில் ஒதுங்கியபோது, 1774 ஏப்ரலில் அதிகாரிகள் அதிலிருந்தவர்களை விசாரித்து எழுதிய அறிக்கை இன்றும் இருக்கிறது. குத்தகையை ஏற்றிவிட்டார்கள், மாட்டுக்கு விலை இல்லை, விளைச்சல் பொய்த்தது... திரும்பத் திரும்ப இதே காரணங்கள்தான்.

அடுத்த நூற்றாண்டில் மேலும் இரண்டு அடி விழுந்தன. ஒன்று, நீராவித் தறி வந்து கைத்தறி நெசவாளர்களின் பிழைப்பைப் பறித்தது. இரண்டு, 1846 முதல் உருளைக்கிழங்கு நோயால் மலைநாட்டிலும் தீவுகளிலும் பஞ்சம். 1852 முதல் 1857 வரை ஒரு குடியேற்ற உதவிச் சங்கம் மட்டுமே ஏறக்குறைய 5,000 பேரை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றியது. அந்தப் பட்டியல்கள் எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

இது பழங்கதை மட்டுமல்ல. 1923 ஏப்ரல் 21 அன்று லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே துறைமுகத்திலிருந்து 'மெட்டகாமா' என்ற கப்பல் சுமார் 300 பேரைக் கனடாவுக்கு ஏற்றிச் சென்றது. பெரும்பாலோர் நம் வயசுப் பையன்கள்! ஒரே நாளில் ஒரு தீவிலிருந்து அத்தனை இளவட்டம் போனால் ஊர் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பட்டியல் எப்போது பிறந்தது?

தேடுகிறவர்களுக்கு முதலில் தெரிய வேண்டியது, எந்தப் பட்டியல் எந்த ஆண்டிலிருந்து இருக்கிறது என்பதுதான். இல்லாத பட்டியலைத் தேடினால் ஆயுசு போதாது. மூன்று ஆண்டுகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

1820: அமெரிக்கா. 1819-ல் வந்த சட்டப்படி, வரும் கப்பலின் தலைவர் ஒவ்வொரு பயணியின் பெயர், வயது, ஆணா பெண்ணா, தொழில், எந்த நாட்டவர் என்று எழுதிச் சுங்க அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். வழியில் இறந்தவர்களையும் குறிக்க வேண்டும்.

1865: கனடா. கியூபெக் துறைமுகத்தின் பட்டியல்கள் இந்த ஆண்டிலிருந்துதான் தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன.

1890: பிரிட்டன். பிரிட்டிஷ் துறைமுகங்களை விட்டுப் புறப்பட்டவர்களின் பட்டியல்கள் 1890 முதல் 1960 வரை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அதற்கு முந்தையவற்றை இடம் போதாது, இனி தேவையில்லை என்ற கணக்கில் அழித்துவிட்டார்கள்!

ஆகவே 1850-ல் கிளாஸ்கோவிலிருந்து அமெரிக்கா போனவரைப் புறப்பட்ட இடத்தில் தேடக் கூடாது, இறங்கிய இடத்தில் தேட வேண்டும். இது ஒன்று தெரியாமல் மாதக்கணக்கில் அலைகிறவர்கள் உண்டு.

பட்டியலில் உள்ள கட்டங்களும் காலப்போக்கில் கூடின. 1893-க்குப் பிறகு அமெரிக்கப் பட்டியலில், யாரிடம் போகிறாய், டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தது யார் என்ற கேள்விகள் வந்தன. 1907 வாக்கில் பிறந்த ஊர், உயரம், கண்ணின் நிறம், சொந்த நாட்டில் உள்ள நெருங்கிய உறவினரின் பெயர், முகவரி எல்லாம் சேர்ந்தன. தேடுகிறவருக்கு அந்தக் கடைசிக் கட்டம் தங்கச் சுரங்கம். கடலுக்கு இரண்டு கரையையும் ஒரே வரியில் கட்டிப்போடும் முடிச்சு அதுதான்.

இன்னொரு செய்தி, நம் போன்ற கம்ப்யூட்டர் மாணவர்களுக்கு. நியூயார்க்கில் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் 1892-ல் திறக்கப்பட்டது. 1897 ஜூன் 15 அதிகாலையில் மரக் கட்டிடம் முழுக்க எரிந்து, 1855 முதலான குடியேற்றப் பதிவேடுகள் சாம்பலாயின. ஆனால் கப்பல் தலைவர்கள் சுங்க அலுவலகத்தில் கொடுத்த பட்டியல்கள் வேறு இடத்தில் இருந்ததால் தப்பின. 'பேக்கப்' எடுத்து வேறு இடத்தில் வை என்று நம் சார் சொல்வது சும்மா இல்லை!

தேடும் படிகள்

1. வீட்டிலிருந்து தொடங்கு. கப்பல் பட்டியல் கடைசிப் படி, முதல் படி அல்ல. உயிரோடு இருக்கும் மூத்தவரிடம் கேள். பழைய கடிதம், வேதப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிய பிறந்த தேதிகள், கல்லறைக் கல் எல்லாம் பார்.

2. போய்ச் சேர்ந்த நாட்டின் பதிவுகளைப் பார். கல்யாணம், இறப்பு, மக்கள்தொகைக் கணக்கு, குடியுரிமை மனு. எந்த ஆண்டு வந்தார் என்பது ஓரளவுக்காவது பிடிபடும்.

3. கூட வந்தவர்களையும் தேடு. தனி ஆள் பெயர் நூறு பேருக்கு இருக்கும். ஆனால் அப்பா, அம்மா, 12, 9, 4 வயதுகளில் மூன்று பிள்ளைகள் என்ற வரிசை இன்னொரு குடும்பத்துக்கு இருப்பது அபூர்வம். முன்னும் பின்னும் உள்ள வரிகளையும் படி. ஒரே ஊர்க்காரர்கள் ஒன்றாகத்தான் கப்பலேறுவார்கள்.

4. ஸ்காட்லாந்துப் பதிவோடு ஒட்டிப் பார். அங்கே 1855 ஜனவரி 1 முதல் பிறப்பு, கல்யாணம், இறப்புக்கு அரசுப் பதிவு உண்டு. இறப்புப் பதிவில்கூட அப்பா பெயரோடு அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் இருக்கும். 1855-க்கு முன் என்றால் சர்ச் பதிவேடுகள்தான். 'ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்' என்ற அரசு இணையதளத்தில் இவை கிடைக்கின்றன.

5. பெயர் வைக்கும் வழக்கத்தைக் கவனி. பல குடும்பங்களில் மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர். மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர். நமக்கு இது புதுசா? 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்', அதாவது தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்பதிலிருந்து வந்ததுதானே! கண்டிப்பான சட்டம் இல்லை, ஆனால் நல்ல துப்பு.

6. பட்டியலில் பெயர் இருப்பதால் போய்ச் சேர்ந்தார் என்று முடிவு கட்டாதே. 1852 டிசம்பரில் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட 'ஹெர்குலீஸ்' கப்பலில் அம்மையும் டைஃபஸ் காய்ச்சலும் பரவி, அயர்லாந்தின் குயின்ஸ்டவுனில் வாரக்கணக்கில் நின்றுவிட்டது. பலர் இறந்தார்கள். மீதிப் பேரில் பலர் வேறு வேறு கப்பல்களில் போக நேர்ந்தது. புறப்பட்ட பட்டியலையும் இறங்கிய பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் சரி.

இரண்டு உதாரணங்கள்

எல்லாருக்கும் தெரிந்தவர்களை வைத்தே பார்ப்போம். முதலில் நம் மெக்கானிக்கல் நண்பர்களுக்குப் பிடித்த இரும்பு மன்னர் ஆண்ட்ரூ கார்னெகி. 1835-ல் டன்ஃபர்ம்லின் ஊரில் பிறந்தவர். அப்பா கைத்தறி நெசவாளர். நீராவித் தறியால் பிழைப்புப் போய், 20 பவுண்டு கடன் வாங்கிக்கொண்டு 1848-ல் கிளாஸ்கோவில் 'விஸ்காசெட்' கப்பலில் ஏறியது குடும்பம். அப்போது ஆண்ட்ரூவுக்கு 12 வயசு. ஏழு வாரக் கடல் பயணம். புறப்பட்ட பட்டியலைத் தேடுவோமா? முடியாது, 1890-க்கு முந்தையது. இறங்கிய நியூயார்க் பட்டியலைத்தான் தேட வேண்டும். அதிலும் ஊர் பெயர் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அந்தக் காலத்துச் சட்டம் நாட்டைத்தான் கேட்டது, ஊரைக் கேட்கவில்லை.

அடுத்தவர் மேரி ஆன் மெக்லியோட். யார் என்கிறீர்களா? டொனால்ட் ட்ரம்ப்பின் தாயார்! 1912 மே 10 அன்று லூயிஸ் தீவின் டாங் கிராமத்தில், பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். அந்தத் தீவில் மெக்லியோட் என்பது நம் ஊரில் முருகன் மாதிரி, தடுக்கி விழுந்தால் ஒருவர். அவர் அம்மா பெயரும் மேரி. எப்படிக் கண்டுபிடிப்பது? 1930 மே 2 அன்று கிளாஸ்கோவிலிருந்து 'டிரான்சில்வேனியா' கப்பல், மே 11 அன்று நியூயார்க். தொழில்: வீட்டு வேலை. யாரிடம் போகிறார்: நியூயார்க் அஸ்டோரியா பகுதியில் இருந்த அக்காவிடம். அக்காவின் முகவரி என்ற ஒரு கட்டம்தான் இந்த மேரியை மற்ற மேரிகளிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது. இவர் 1934-லும் ஊருக்குப் போய்விட்டுக் கப்பலில் திரும்பியிருக்கிறார். ஆகவே ஒரே ஆள் இரண்டு மூன்று பட்டியல்களில் வரலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

பெயரில் உள்ள கண்ணி

எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று பலர் நம்புகிறார்கள். உண்மை அதுவல்ல. பட்டியல் எழுதப்பட்டது கப்பல் கம்பெனிக்காரர்களால், ஏறிய துறைமுகத்தில். தீவில் அதை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். குழப்பம் அதற்கு முன்பே தொடங்கிவிடும். ஊரில் கேலிக்கில் 'டோர்மோட்' என்று கூப்பிடுகிறவர் பட்டியலில் 'நார்மன்' ஆவார். 'மெக்' என்பதற்கு 'மகன்' என்று பொருள். அதை எழுதுவதில்தான் எத்தனை விதம்!

இதற்கு 1918-ல் அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் காப்புரிமை வாங்கிய ஒரு முறை இருக்கிறது, பெயர் 'சவுண்டெக்ஸ்'. நம் புரோகிராமிங் லேபில் செய்து பார்க்கலாம். முதல் எழுத்தை அப்படியே வை. உயிரெழுத்துகளைத் தள்ளு. மற்ற எழுத்துகளுக்கு ஓசைப்படி எண் போடு: 'சி' என்றால் 2, 'எல்' என்றால் 4, 'டி' என்றால் 3. ஒரே எண் அடுத்தடுத்து வந்தால் ஒன்றாக்கு. 'மெக்லியோட்' என்பதை 'எம்'முக்குப் பின் 'ஏ', 'சி' இரண்டும் போட்டு எழுதினாலும், 'ஏ'யை விட்டு எழுதினாலும், 'மெக்கிளவுட்' என்று காதில் விழுந்தபடி எழுதினாலும் விடை ஒன்றுதான்: எம் 243. பார்த்தீர்களா வேடிக்கையை!

ஆனால் பழைய குமாஸ்தாக்கள் 'சி'யைக்கூட விட்டுவிட்டு, 'எம்'முக்கு மேல் ஒரு சின்னக் கொம்பு மட்டும் போட்டு எழுதுவதும் உண்டு. அதைக் கண்ணில் பட்டபடியே டைப் அடித்தால் எண் எம் 430 ஆகிவிடும். ஆள் பட்டியலிலேயே இருப்பார், தேடலில் வர மாட்டார். எந்த முறையும் உள்ளே போட்டதைத்தான் வெளியே தரும்.

என் தப்பு

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன். 1840-களில் நியூயார்க் போய்ச் சேர்ந்த ஒரு கப்பலின் பட்டியல். ஒரு ஸ்காட்லாந்து நெசவாளர், மனைவி, நான்கு பிள்ளைகள். கடைசிக் குழந்தையின் வயதுக் கட்டத்தில் 7/12 என்று இருந்தது. கீழே உள்ள 12 மங்கல். நான் வயது 7 என்று அடித்துவிட்டேன். எனக்கு இணையாக அடித்த பையனும் 7 என்றே அடித்திருந்தான். இரண்டும் ஒத்துப் போனதால் தப்பு கண்ணில் படாமலே தாண்டிவிட்டது.

அன்று சூப்பர்வைசர் அக்கா ஏதோ காரணத்துக்காக அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இது பன்னிரண்டில் ஏழு. அப்படின்னா ஏழு மாசம். மாசத்துக்குத் தனிக் கட்டம் இருக்கே, பார்க்கலையா?"

"சாரிக்கா, மாத்திடறேன்" என்றேன் சாதாரணமாக.

"மாத்துறது இருக்கட்டும். அதே வரியில கடைசிக் கட்டத்தைப் படி."

படித்தேன். வழியில் இறந்தது என்று குறித்திருந்தது.

அக்கா திட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "1855-க்கு முன்னாடி அந்த நாட்டுல பிறப்புக்கு அரசாங்கப் பதிவு கிடையாது. சர்ச்சுல எழுதியிருந்தா உண்டு, இல்லன்னா இல்ல. கடல்ல போட்டுட்டாங்கன்னா கல்லறையும் கிடையாது. இந்தக் குழந்தை பொறந்துச்சு, இருந்துச்சுங்கறதுக்கு இந்த ஒரு வரிதான் மிச்சமா இருக்கலாம். நீ அதை ஏழு வயசுப் பையனாக்கிட்டா, இனி யாரு கண்டுபிடிப்பா?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்த வரியைத் திருத்தினேன். ஆனால் அதற்கு முன் மூன்று வாரம் நான் அடித்து அனுப்பியவற்றில் எத்தனை 7/12 இருந்ததோ! வேகமாக அடித்தால் கூடுதல் காசு என்று பறந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அவற்றைத் திரும்ப எடுக்க முடியாது. இன்றைக்கும் இதை நினைத்தால் வயிற்றில் ஏதோ செய்கிறது.

நமக்கு என்ன இதில்?

ஸ்காட்லாந்துக்காரனின் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி நமக்கென்ன என்று கேட்கலாம். ஒன்று சொல்கிறேன். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நின்றது. அந்த நாட்டின் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்களை ஏற்றிச் சென்ற முதல் கப்பல் அதுதான். அந்தப் பட்டியல்களில் பெயரோடு ஒரு எண், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் உண்டு. அவர்களின் பேரன் பேத்திகளும் இன்று இதே முறையில்தான் தேடுகிறார்கள். கேலிக் பெயர் தெரியாத குமாஸ்தா எப்படி எழுதினாரோ, அப்படித்தான் நம் கிராமத்துப் பெயரையும் காதில் விழுந்தபடி எழுதி வைத்தார்கள். தேடும் படிகள் எல்லாருக்கும் ஒன்றுதான்.

நண்பர்களே! நாளை நாம் வேலைக்குப் போவோம். லாக் புக் எழுதுவோம், பதிவேட்டில் கையெழுத்துப் போடுவோம், கம்ப்யூட்டரில் யாரோ ஒருவரின் பெயரையும் பிறந்த தேதியையும் ஏற்றுவோம். நமக்கு அது அன்றைய நூறாவது வரி, டீக்கு முந்தின வரி. அந்த ஆளுக்கு அது ஒரே வரி. வாசிக்க முடியவில்லை என்றால் வாசிக்க முடியவில்லை என்றே எழுதுவோம், ஊகித்து நிரப்ப வேண்டாம். சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்போம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

இந்த லீவில் ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டியிடம் உட்கார்ந்து, யாருக்கு யார் பிள்ளை, எங்கிருந்து வந்தார்கள், சின்னதிலேயே போன குழந்தைகள் யார் யார் என்று கேட்டு, தேதியோடு எழுதுங்கள். நான் எழுத ஆரம்பித்துவிட்டேன். என் பாட்டி முதலில் சொன்ன பெயர், எங்கள் வீட்டில் யாரும் எனக்கு இதுவரை சொல்லாத, எட்டு மாதத்தில் போய்விட்ட என் பெரியப்பாவின் பெயர்.

வயதுக் கட்டத்தில் '8 மாதம்' என்று தெளிவாக எழுதியிருக்கிறேன்.